இடிக்குப் பிடுங்கிய ஹார்ட் டிஸ்க்

என் தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவள் யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், சரவணையில் என்னோடுதான் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. வந்தார், தாலி கட்டினார், லீவு முடியத் திரும்பிப் போனார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவியை அழைக்கிற விண்ணப்பத்தைப் போன கையோடு போட்டுவிட்டார். நாங்களும் பதிவுச் சான்றிதழ், கலியாண அல்பம் எல்லாவற்றையும் அனுப்பினோம். பல மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. கலியாண நாள் படங்கள் மட்டும் காணாதாம், அது போதாதாம். இருவரும் கலியாணத்துக்கு முன்னும் பின்னும் சாதாரணமாகச் சேர்ந்து இருந்த படங்கள் வேண்டுமாம். மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டுமாம்.

"ஊரைக் கூட்டி, ஐயரைக் கூப்பிட்டு, மேளம் அடிச்சுச் செய்த கலியாணம் அவையளுக்குப் பொய்யாப் போச்சு" என்று நான் கத்தினேன்.

"பொய் எண்டு ஆர் சொன்னது? படம்தானே அக்கா கேட்டிருக்கினம்" என்றாள் தங்கச்சி.

அவள் எப்போதும் இப்படித்தான். யாரை நான் ஏசினாலும் அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு வருவாள். இந்தக் குணத்தோடு எப்படிப் பிழைக்கப்போகிறாள் என்று எனக்குப் பயம். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுக்கு வரன் பார்த்து வருடக்கணக்காக அலைந்து கடைசியில் ஒரு நல்ல மனிதரைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தால், படம் இல்லை என்பதால் அது நின்றுபோகுமா?

படம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை இங்கே நின்ற நாட்களில் நாங்கள் போகாத தீவு இல்லை. எல்லாப் படமும் தங்கச்சியின் கைபேசியில் எடுத்தது. கைபேசி நிரம்பிவிட்டது என்று அவள் சொன்னபோது நான்தான் அவற்றைக் கழற்றி வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கைபேசி கடலுக்குள் போய்விட்டது. குறிகட்டுவானில் நயினாதீவு வள்ளத்தில் ஏறும்போது, ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறுகையில் கைபேசி, யாரோ ஒரு கிழவிக்கு வழிவிடப் போய்க் கைபேசியை விட்டாள். தட்டை விடவில்லை. அம்மன் சந்தோசப்பட்டிருப்பாள்.

மாப்பிள்ளையின் கைபேசியில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அனுப்பினார். நண்டுக் கறி. ஒடியல் கூழ். எங்கள் வீட்டுச் சட்டியோடு இறால் பொரியல். மறுபடியும் நண்டுக் கறி. தங்கச்சி ஒரு படத்திலும் இல்லை. கூழ்ப் படத்தின் ஓரத்தில் அவளுடைய வளையல் மட்டும் தெரிந்தது.

"நல்ல காலம், நண்டைக் கட்டேல்லை" என்றேன்.

"பசியில எடுத்திருப்பார், பாவம்" என்றாள் அவள்.

ஆகவே எல்லாம் என்னிடம் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. கணினியிலிருந்து படங்கள் எப்படி அதற்குள் போயின என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கணினி பழையது. நான் ஊர்காவற்றுறையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை பார்க்கிறேன். பின்னேரங்களில் வீட்டில் தட்டச்சு வேலையும் எடுப்பேன். கணினியைப் போட்டுவிட்டு உலை வைத்து, சோறு வடித்து இறக்கினாலும் அது எழும்பியிருக்காது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர் காரைநகரிலிருந்து வருகிறவர். தினமும் பாதையில் கடல் தாண்டி வருவார். பாதை என்றால் இங்கே காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான இரும்பு மிதவை. அவர் ஒருநாள் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து தந்தார்.

"இதுக்குள்ள லினக்ஸ் இருக்கு. பழைய கணினிக்கு நல்லது. காசு இல்லை. ஆரும் எடுக்கலாம், ஆரும் குடுக்கலாம். நானும் இப்பதான் பழகிறன். நீரும் போட்டுப் பாரும்."

"காசு இல்லாமல் ஆர் அண்ணை தருவினம்? பிறகு என்ன கேட்பினம்?"

"ஒண்டும் கேளாயினம். நீர் ஆரைத்தான் நம்பினனீர்? முதல் வீட்டுப் படம், கடுதாசி எல்லாத்தையும் வெளியில எடுத்து வையும். பழசு முழுக்க அழிஞ்சுபோம்."

எடுத்து வைத்தேன். இதில்தான் நான் செய்தது எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை.

எங்கள் வீட்டில் ஒரு பை இருக்கிறது. அலுமாரிக்குள் வைக்கிறதில்லை, அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அம்மாவின் தோடு எல்லாம் அதற்குள். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய காலத்தில் அம்மாவின் கையில் அந்தப் பை, என் இடுப்பில் தங்கச்சி. திரும்பி வந்து வீடு கட்டி, ஓடு போட்டு, இத்தனை வருடம் ஆன பிறகும் பை கதவுக்குப் பின்னால்தான். எங்களைப் போன்ற வீடுகளில் முக்கியமான ஒரு சாமானை இரண்டு இடத்தில் வைக்க மாட்டார்கள். சத்தம் கேட்டால் எதை எடுப்பது, எங்கே தேடுவது? எல்லாம் ஒரு பைக்குள். பையை எடு, ஓடு. அவ்வளவுதான்.

கணினியிலும் நான் அதையே செய்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். படங்களை நகல் எடுக்கவில்லை, வெட்டி எடுத்து அதற்குள் போட்டேன். கணினியில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடைசிப் படங்கள் போய்க்கொண்டிருந்த நேரம் வானம் இருட்டியது. திரையில் பட்டை ஓடி முடிந்து பெட்டி மூடியது போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு மேலேயே இடி விழுந்தது. என் கை தானாகப் போனது. டிஸ்க்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். பிறகுதான் கணினியின் பிளக்கைக் கழற்றினேன். தங்கச்சி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, "அக்கா, இடிதான்" என்றாள். எனக்குத் தெரியாதா இடியென்று? தெரியும். கைக்குத் தெரியாது.

மழை விட்ட பிறகு லினக்ஸைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அரிசி களைவதற்குள் கணினி எழும்பி நின்றது. திரையில் ஒரு பச்சை மலைப் படம். தட்டச்சு வேலைக்கு அது போதும். டிஸ்க் பைக்குள் தூங்கியது. மின்னஞ்சல் வரும்வரை அதை நான் எடுக்கவே இல்லை.

அந்த மின்னஞ்சல் வந்த பின்னேரம் டிஸ்க்கைக் கொண்டுவந்து கணினியில் செருகினேன். சின்ன நீல வெளிச்சம் எரிந்தது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

இத்தனை வருடம் நான் பழகியது, ஒரு டிஸ்க்கைச் செருகினால் ஒரு எழுத்து வரும். சி இருக்கும், டி இருக்கும், செருகினது ஈ என்று வந்து நிற்கும். இங்கே சியும் இல்லை, டியும் இல்லை. கோப்பு முறைமை என்று ஒன்று இருந்தது. திறந்தேன். உள்ளே பின், டெவ், இடிசி, யூஎஸ்ஆர், வார் என்று ஏராளம் பெட்டிகள். யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்தது போல இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். டெவ் என்பதற்குள் தலை சுற்றுகிற அளவுக்கு ஏதேதோ. ஒன்றைத் தொட்டால் நீ இதைத் திறக்க உரிமை இல்லாதவள் என்றது. என் வீட்டில், என் மேசையில், என் காசில் வாங்கிய கணினி எனக்குச் சொல்கிறது.

"தேடினது போதும் அக்கா, அந்த அண்ணையைக் கேளுங்கோ" என்றாள் தங்கச்சி.

அண்ணைக்கு அழைத்தேன்.

"அண்ணை, டி டிரைவ் எங்க?"

"அப்பிடி ஒண்டு இல்லை."

"இல்லையெண்டா? எங்க போனது?"

"போகேல்லை. லினக்ஸில எழுத்து இல்லை. முழுக்க ஒரே மரம். செருகின டிஸ்க்கை அந்த மரத்தில ஒரு கொப்பில கொண்டுபோய்க் கட்டவேணும். கட்டினாத்தான் உள்ள போகலாம்."

"நான் செருகிப்போட்டனே."

"செருகினாக் காணாது. இப்ப பாருமன், பாதை வந்து கரையில முட்டுது. முட்டினவுடன ஏறவிடுவினமோ? சங்கிலி போட்டுக் கட்டவேணும். பிறகுதான் சைக்கிளை உருட்டலாம். உம்மட டிஸ்க் கரையில வந்து நிக்குது. கட்டேல்லை. இடப்பக்கம் கீழ பாரும், பேர் தெரியுதோ?"

தெரிந்தது. மற்றவற்றுக்குக் கீழே மங்கலாக அந்த டிஸ்க்கின் பெயர் இருந்தது. அதைப் பார்த்தவுடன் தங்கச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தினேன். ஒரு சிவப்பு அடையாளத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பந்தி வந்தது. பிழையான வகை, அல்லது கெட்ட தெரிவு, அல்லது வேறு ஏதோ என்று நாலைந்து காரணத்தைச் சொல்லி, உனக்கு எது பொருத்தமோ அதை எடுத்துக்கொள் என்கிற மாதிரி. வைத்தியரிடம் போனால் காய்ச்சல் அல்லது கால் முறிவு அல்லது மலேரியா என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

வாசித்துக் காட்டினேன். அண்ணை மறுபடியும் ஒருதரம் வாசிக்கச் சொன்னார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அந்த டிஸ்க்கைக் கடைசியா எப்பிடிக் கழட்டினனீர்?"

"கையாலதான்."

"கையாலதான். கணினிக்குச் சொல்லிப்போட்டுக் கழட்டினனீரோ?"

"இடி விழேக்க ஆருக்குச் சொல்லிறது அண்ணை?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு விளங்கப்படுத்தினார். நான் பாதியில் பிடுங்கியதால் டிஸ்க்கில் ஒரு குறி விழுந்திருக்கிறதாம், உள்ளே வேலை முடியவில்லை என்று. அந்தக் குறி இருக்கும்வரை லினக்ஸ் அதைக் கட்டாதாம். கட்டினால் கெட்டது இன்னும் கெட்டுவிடும் என்ற பயமாம்.

"அப்ப உள்ள படம் இருக்கோ இல்லையோ?"

"இருக்கவேணும்."

"இருக்கவேணும் எண்டது என்ன மறுமொழி? இருக்கோ இல்லையோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. நானும் பழகிற ஆள்தானே."

அவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் குடும்பத்தைக் கெடுக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாளே அப்படி ஒருவரிடம் மாட்டப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிற ஒரு கடைக்கு அழைத்து நிலைமையைச் சொன்னேன். "கொண்டு வாங்கோ, ஃபார்மட் அடிச்சுத் தாறன், புதுசு மாதிரி இருக்கும்" என்றார் எடுத்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பைக் காணவில்லை என்றால் இடித்துத் தருகிறேன், வெறுங்காணி பார்க்க வடிவாக இருக்கும் என்கிற கதை. அதை அவருக்கே சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு இணையத்தில் தேடினேன். லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற இடங்கள் நிறைய இருந்தன. எனக்கு வந்த அதே சிவப்புப் பந்தி உலகத்தில் எத்தனையோ பேருக்கு வந்திருந்தது. ஒருவர் இந்தக் கட்டளையைத் தட்டு, சரியாகும் என்கிறார். அடுத்தவர் அதைத் தட்டவே தட்டாதே, போய்விடும் என்கிறார். மூன்றாவது ஆள் இருவரையும் ஏசுகிறார். நாலாவது ஆள், புதிதாக வந்தவரிடம் மரியாதையாகப் பேசு என்று மூன்றாவது ஆளை ஏசுகிறார். ஒரு சதம் வாங்காமல், முகம் தெரியாத ஒருவருடைய டிஸ்க்குக்காக இப்படி அடிபடுகிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் கூட்டத்தில் இருந்த மாதிரி இருந்தது. எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டது. ஆனால் யார் சொன்னதையும் நான் செய்யவில்லை. கட்டளையில் பலவந்தம் என்று ஒரு சொல் வந்தது. அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன்.

அண்ணை ஒரு வழி சொன்னார். டிஸ்க் பழைய விண்டோஸில் எழுதப்பட்டது, அவருடைய வீட்டில் ஒரு கணினியில் விண்டோஸை இன்னும் வைத்திருக்கிறார், அது தன் பிழையைத் தானே பார்த்துத் திருத்தும், அப்படிச் செய்வதுதான் பயம் குறைந்தது. சனிக்கிழமை கொண்டு வாரும் என்றார்.

சனிக்கிழமை இருவரும் ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனோம். டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, இன்னொரு துவாயில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்திருந்தேன். பாதையில் ஏறியதும் தங்கச்சி கையை நீட்டினாள்.

"பாரமா இருக்கும், தாங்கோ அக்கா. நான் வைச்சிருக்கிறன்."

"நீயோ? கடலுக்கு மேலையோ?"

"அது ஒரு நாள் நடந்தது."

"ஒரு நாள் காணும். நீ அந்தக் கம்பியைப் பிடி. ரெண்டு கையாலையும் பிடி. ஆருக்கும் வழி விடாத."

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற ஒருவர் என்ன தங்கமோ என்று கேட்டார். தங்கம் என்றால் இவளிடம் கொடுத்திருப்பேன் என்றேன். தங்கச்சி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். பாதை மெதுவாகப் போனது. சோளகக் காற்று முகத்தில் அடித்தது. அவள் உண்மையாகவே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. நான் சொன்னால் செய்வாள். கனடாவுக்குப் போன பிறகு யார் சொல்லி, யார் கேட்பது என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை விட்டேன். முதலில் படம் வரட்டும்.

அண்ணையின் வீட்டில் அவருடைய மனைவி தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. அண்ணை டிஸ்க்கைச் செருகினார். உடனே ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கில் ஏதோ பிழை, பார்த்துத் திருத்தட்டுமா என்று.

"அமத்தட்டோ?" என்றார்.

"அமத்தினா அழியுமோ?"

"அழியாது."

"இருக்கவேணும் எண்டு சொன்ன மாதிரியோ, நிச்சயமாவோ?"

"எங்கட வீட்டுக்கு வந்து என்னையே விசாரிக்கிறீர். இந்தாரும், நீரே அமத்தும்."

நான் அழுத்தவில்லை. தங்கச்சியைப் பார்த்தேன். படம் அவளுடையது, கலியாணம் அவளுடையது. அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கையை நீட்டி அழுத்திவிட்டு ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தாள். எனக்கு அவளைத் தெரியும் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சைப் பட்டை ஊர்ந்தது. கடைசியில் திருத்தியாயிற்று என்று வந்தது. அண்ணை முகம் மலர்ந்து, "இப்ப திறந்து பாப்பம், படம் கிடக்கோ எண்டு" என்று கையை வைத்தார். தங்கச்சி பணியாரத்தை வாய்க்குள் வைத்தபடி என் காலை மிதித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய முகம் சிவந்திருந்தது. விளங்கிவிட்டது. புதுமணத் தம்பதிகளின் படம். என் அலுவலகத்து அண்ணை பார்க்கிறதற்கு இல்லை.

"வேண்டாம் அண்ணை, திறக்காதேங்கோ. வீட்டை போய்ப் பாக்கிறம்."

"பாக்காமலோ? இவ்வளவு தூரம் வந்து?"

அவருடைய மனைவி குசினிக்குள்ளிருந்து, "இஞ்சருங்கோ, அவையின்ர வீட்டுப் படம், உங்களுக்கென்ன?" என்று சத்தம் போட்டார். அண்ணை கையை எடுத்துக்கொண்டார். ஆனால் கழற்றுகிற முறையை மட்டும் விடமாட்டேன் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கீழே மூலையில் அழுத்தி, கழற்றப்போகிறேன் என்று கணினிக்குச் சொல்லி, அது இனிக் கழற்றலாம் என்று மறுமொழி தரும்வரை காத்திருக்க வேண்டும். இடி விழுந்தாலும். குண்டு விழுந்தாலும் என்று சொல்ல வாயெடுத்து, எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பாதையில் திரும்பி வந்தோம். இந்த முறை டிஸ்க்கைக் கேட்கவே இல்லை அவள். கம்பியைத்தான் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் கணினியைப் போட்டேன். செருகினேன். நீல வெளிச்சம். திரையில் பச்சை மலைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டிப் படம் தானாக வந்து குந்தியது. இரண்டு தரம் அழுத்தினேன். திறந்தது. எழுத்தும் இல்லை, டியும் இல்லை. மீடியா என்ற கொப்பில், என் பெயருக்குக் கீழே, டிஸ்க் கட்டப்பட்டிருந்தது. படங்கள் வரிசையாக விரிந்தன.

தங்கச்சி கத்தினாள். எனக்குக் கத்த வராது. "மெல்லக் கத்து, பக்கத்து வீடு என்னமோ எண்டு ஓடிவரும்" என்றேன்.

எல்லாம் இருந்தது. சாட்டிக் கடற்கரை, நயினாதீவுக் கோயில் வீதி, எங்கள் வீட்டு முற்றம், ஊர்காவற்றுறைத் துறைப் பக்கம், பனங்காணி. ஒன்றிரண்டு படங்களைத் தவிர. இடி விழுந்த நேரம் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தவை அவை. நெடுந்தீவில் எடுத்தவை. அவற்றில் ஒன்று திறக்கவே இல்லை, மற்றதில் மேல் பாதி மட்டும் இருந்தது. கழுத்துக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம்.

"தலை ரெண்டும் இருக்குத்தானே. காணும்" என்றேன்.

பிறகு அனுப்புவதற்குப் படம் தேர்ந்தெடுக்கத் தொடங்கினோம். அப்போதுதான் விசயம் விளங்கியது. எந்தப் படத்தைத் திறந்தாலும் நடுவில் நான் நிற்கிறேன். கலியாணத்துக்கு முன்னால் எடுத்ததில் நான் நின்றது சரி. தாலி ஏறுமுன் இருவரையும் தனியே கடற்கரைக்கு விட நான் என்ன விசரியா? ஆனால் கலியாணத்துக்குப் பிறகு எடுத்ததிலும் நான். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவர், நடுவில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடையில் காசு குறையக் கொடுத்தவனைப் பார்க்கிற முகத்தோடு நான். ஆட்டோக்காரர் எடுத்த படத்தில் நான். வள்ளக்காரர் எடுத்த படத்தில் நான். நான் இல்லாத படம் அந்த நெடுந்தீவுப் படம் ஒன்றுதான். அன்று வள்ளத்தில் வாந்தி எடுத்துவிட்டுத் தெருவோர மதகுக் கட்டில் படுத்துக் கிடந்தேன். சரியாக அந்தப் படம்தான் பாதி போனது.

தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கினாள்.

"இதைப் பாத்தா, அவர் கட்டினது உங்களைத்தான் எண்டு நினைக்கப் போகினம்."

"அப்ப எனக்கும் ஒரு விசா தரட்டும்."

"நீங்கள் அங்க வந்தா அந்த நாட்டைத் திருத்திப்போடுவியள்."

"திருத்தவேண்டிக் கிடக்கு. எண்டாலும் என்னை வெட்டி எடுப்பம். படத்தை வெட்டிறதுக்கு இதுக்குள்ள ஏதோ இருக்கு."

படம் வெட்டுகிற நிரலைத் திறந்தேன். ஆனால் நடுவில் நிற்கிற ஆளை எப்படி வெட்டுவது? இடமும் வலமும் இரண்டு துண்டாகப் போய்விடும். புருசனையும் பெண்சாதியையும் பிரித்து வைத்தது போல ஆகும். மாப்பிள்ளையை அழைத்துக் கேட்டோம். திரையில் அவருடைய முகம் வந்தது. படத்தைக் காட்டியதும் அவரும் சிரித்தார். பிறகு, "அக்காவை வெட்டாதேங்கோ. வீட்டாரோட இருக்கிற படமும் பாப்பினம். குடும்பம் ஏத்துக்கொண்டது தெரியவேணும்" என்றார். "அக்கா ஏத்துக்கொண்டவ எண்டு அந்த முகத்தைப் பாத்தாத் தெரியுமோ?" என்று தங்கச்சி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "நம்புவினம்" என்றார்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் கணவன், நடுவில் மனைவியின் தமக்கை. இதையே திரும்பத் திரும்பத் தட்டினேன். மனைவியின் தமக்கை, மனைவியின் தமக்கை. தட்டத் தட்ட எனக்கு அந்தப் பதவி பிடித்துப்போனது. எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வு. நெடுந்தீவுப் படத்தையும் சேர்த்தோம். படம் பழுதாகிவிட்டது, காரணம் இடி என்று கீழே எழுதினேன். தங்கச்சி அதை அழிக்கச் சொன்னாள். நான் அழிக்கவில்லை. நடந்ததைத்தானே எழுதினேன்.

அனுப்பிய பிறகு மறுபடியும் மாதக்கணக்கில் சத்தமில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், அவளை ஏசினேன். அவள் ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்க் கோழிக்குத் தீன் வைத்தாள். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் கோழிக்குத் தீன் வைக்கவில்லை. விறாந்தையில் நின்றாள். முகத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. "விசா குத்தக் கடவுச்சீட்டை அனுப்பட்டாம்" என்றாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதுக்கேன் கோழியைப் பட்டினி போட்டனி என்று கேட்டேன்.

போகிற நாள் நெருங்க அவளுடைய பெட்டியை நான் மூன்று தரம் அவிழ்த்து மூன்று தரம் அடுக்கினேன். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், மாப்பிள்ளைக்குக் காய்ந்த இறால். அவள் வைத்த சீலைகளில் பாதியை வெளியில் எடுத்தேன். அவள் மறுபடி உள்ளே வைத்தாள்.

"ஆருக்குக் கட்டிக் காட்டப்போறாய் அந்தக் குளிருக்குள்ள?"

"எனக்குத்தான்."

"நிறை கூடினா விமான நிலையத்தில நிண்டு அழுவாய்."

"அழமாட்டன். நீங்கள்தான் அழுவியள். அதுதான் இப்பவே சண்டை பிடிக்கிறியள்."

நான் பெட்டியின் மூடியை இழுத்து அழுத்தினேன். பெட்டி மூடவில்லை. ஜிப்புச் சங்கிலி பாதியில் நின்றது. அவள் முழங்காலில் இருந்து இழுத்தாள், வரவில்லை. "ஏறி இருங்கோ அக்கா" என்றாள். நான் பெட்டிக்கு மேல் ஏறி என் முழுப் பாரத்தையும் கொடுத்து இருந்தேன். அவள் என்னைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல, சங்கிலியை மற்றக் கரை வரைக்கும் இழுத்து மூடினாள்.